கிழங்கு அறைச் சாவி

கிழங்கு அறைக்குப் பூட்டு வாங்கி வந்தவள் நான்தான். தேரடி வீதியில் ஒரு கடையில் நின்று, இரண்டு சாவியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ள தங்கமா வெக்கப் போற?" என்றார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறும் ஒன்றரை ஏக்கர் நிலமும். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அண்ணி, நான், கறவை மாடு ஒன்று. எனக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு, வரன் வரும் வரை என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. கோழி முட்டை ஒன்று குறைந்தால் பாம்பு தின்றது என்று சொன்னாலும் நம்பமாட்டேன், பக்கத்து வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பேன். துணி காயப்போட்டால் எந்தக் கொடியில் எது என்று மனதில் குறித்து வைப்பேன். "இவளக் கட்டிக்கப் போறவன் மூச்சு விடறதுக்கும் கணக்கு சொல்லணும்" என்று அண்ணன் கேலி செய்வான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன். ஒரு வீட்டில் ஒருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

அண்ணிக்குச் செங்கம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். குறைவாகப் பேசுகிறவர்களை எனக்கு அப்போது பிடிக்காது. உள்ளே என்னவோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று படும். போதாததற்கு அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாடு உதைத்தாலும், மோட்டார் எரிந்தாலும், "ரெண்டு வருஷமாவே எதுவும் சரியில்ல" என்று சொல்லி அண்ணி பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். குற்றமில்லாதவள் எதற்குத் தலையைக் குனிய வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வருஷா வருஷம் கொஞ்சமாகக் கிழங்கு போட்டு, மலை சுற்ற வருகிறவர்களுக்கு வேக வைத்து விற்போம். அந்த வருஷம் அண்ணன் நிலம் முழுக்க வள்ளிக்கிழங்கே போட்டான். கார்த்திகையில் தோண்டும்போது ஊரெல்லாம் கிழங்காக இருக்கும், கேட்க ஆளிருக்காது. பொங்கல் வந்துவிட்டால் கதை வேறு. எங்கள் பக்கத்தில் மொச்சையும் வள்ளிக்கிழங்கும் போடாத பொங்கல் குழம்பை யாரும் குழம்பு என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் தோண்டியதை வைத்திருந்து பொங்கலுக்குத் தருவதாக, டவுன் மார்க்கெட் வியாபாரி ஒருவரிடம் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். பத்து மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ.

தோண்டிய கிழங்கை நானும் அம்மாவும் மோட்டார் தொட்டியில் கொட்டித் தேய்த்துக் கழுவினோம். பாதையில் விற்கிற கிழங்குக்கு அதுதான் எங்கள் வழக்கம். மலை சுற்றிவிட்டு வருகிறவர்கள் மண் ஒட்டிய கிழங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். சிவப்புத் தோல் பளபளவென்று இருந்தால் கையை நீட்டுவார்கள்.

அண்ணி தொட்டியருகே வந்து நின்றார். "அத்தை, கழுவாதீங்க. மண்ணோட நெழல்ல நாலஞ்சு நாள் கெடக்கட்டும். தோலு கெட்டியாவும். அப்புறம் மணலு போட்டு மூடி வெச்சா பொங்கல் வரைக்கும் தாங்கும்."

"மண்ணு ஒட்டிக்கினு கெடந்தா எவன் வாங்குவான்? எங்க கிழங்கு சுத்தமா இருக்கும்னு இந்தப் பாதையில பேரு" என்றார் அம்மா.

அண்ணி வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போனார். எனக்கு அப்போதே உறுத்தியது. கிழங்கை மண்ணோடு வைக்கச் சொல்கிறாரே, ஏன்? மண்ணுக்கும் எடை உண்டு. நாலு கிழங்கை எடுத்துவிட்டு நாலு கை மண்ணைப் போட்டால் தராசுக்குத் தெரியவா போகிறது? அந்த வயதில் என் மூளை இந்த லட்சணத்தில்தான் ஓடியது.

அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்த காலத்துப் பெரிய தராசு பரணில் கிடந்தது. அதை இறக்கி உத்தரத்தில் கட்டி, ஒவ்வொரு மூட்டையையும் நானே நிறுத்தேன். பத்தும் சரியாக ஐம்பது. ஈரம் முழுசாகக் காய்வதற்குள் சாக்கில் போட்டு, ஜன்னல் இல்லாத பின்னறையில் அடுக்கினோம். அது மழை பெய்துகொண்டிருந்த வாரம், வெளியில் வைக்க இடமில்லை.

பதினைந்து நாள் கழித்து, வேறு வேலை இல்லாததால், ஒரு மூட்டையை இழுத்துத் தராசில் வைத்தேன். படிக்கல் தட்டு கீழே இறங்கியது. நம்ப முடியாமல் தட்டை மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் படிக்கல்தான் இறங்கியது. நாலு கிலோ கம்மி. அடுத்த மூட்டை மூன்றரை. அதற்கடுத்தது நாலு. பத்து மூட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது.

இதைக் கேட்டதும் விஷயம் தெரிந்தவர்களுக்கு உண்மை பிடிபட்டிருக்கும். பத்து மூட்டையும் ஒன்றுபோலக் குறைந்தால் அதைச் செய்தது கை அல்ல என்று புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது வேறு. ஒரே மூட்டையில் கை வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறாள், கெட்டிக்காரத் திருடி. திருடி என்று பெண்பாலில் நினைத்ததை நான் கவனிக்கக்கூட இல்லை.

மத்தியானம் சாப்பாட்டின்போது விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அம்மாவும் அண்ணனும் விழித்தார்கள். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கிழங்கு தானாவே எடை கம்மியாகும். உள்ள இருக்கற தண்ணி போயிடும் இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக எனக்குப் பட்டது. யாராவது இவரைக் கேட்டார்களா? வற்றல் காயும், கருவாடு காயும், வெயிலில் கிடக்கிற எதுவும் காயும். இருட்டறையில் மூட்டைக்குள் கிடக்கிற கிழங்கு எப்படிக் காயும்? நான் அண்ணியின் முகத்தையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்தேன்.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி தவறாமல் அண்ணியின் அம்மா மலை சுற்றுவதற்காகச் செங்கம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். மத்தியானமே நடக்க ஆரம்பித்து, எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார். கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். அன்றைக்குப் புறப்படும்போது அந்தப் பை புடைத்திருந்தது. எடுத்துக் கொடுக்கிற சாக்கில் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்கக் கை வரவில்லை. சம்பந்தி ஆயிற்றே. அதற்காக விட்டேன் என்று இல்லை, அண்ணியைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டுக் கொட்டகை மறைவில் நின்றேன். அண்ணி வாசலில் கோலம் போட்டு முடித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பின்னறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மடி கனத்துத் தொங்கியது. வைக்கோல் போரைத் தாண்டிக் கிணற்று மேட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது மடி காலி. தொட்டியில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாளும் அதேதான்.

அப்போதே ஓடிப்போய் மடியைப் பிடித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் ஏன் பிடிக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தைரியம் இல்லை என்று முன்பெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய். சந்தேகப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. அது பொய்யாகிப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உள்ளே போய்க் கற்பூர டப்பாவை எடுத்து வந்தார்.

எங்கள் ஊரில் இது உண்டு. கோழி காணாமல் போனாலும் வரப்புத் தகராறு வந்தாலும், மலையைப் பார்த்து நின்று கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். மலைக்கு எதிரே பொய் சொல்லி அணைத்தவன் வீடு விளங்காது என்று எல்லாருக்கும் பயம். போலீஸுக்குப் போகாமல் முடிந்துபோன வழக்குகள் இப்படி நிறைய.

அம்மா வாசல் கல்லில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். "அந்த ரூம்ல இருந்து ஒரு கிழங்குகூட நான் வெளிய எடுத்துனு போகலன்னு சொல்லி அணை" என்றார் அண்ணியிடம். அண்ணன் அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் நின்றிருந்தான்.

அண்ணி கற்பூரத்தையும் மலையையும் பார்த்தார். "அப்படிச் சொல்ல முடியாது அத்தை. எடுத்துனு போனேன். அழுகிப்போனத பொறுக்கி எடுத்துனு போய்க் கெணத்து மேட்டுல பொதைச்சேன். ஒண்ணு அழுகுச்சுன்னா பக்கத்துல இருக்கறது எல்லாம் அழுகும். உங்ககிட்ட சொன்னா இதுக்கும் என்னத்தான் சொல்லுவீங்கன்னு சொல்லல. திருடலன்னு வேணா சொல்லி அணைக்கறேன்."

அம்மா கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். நான் விடவில்லை.

"வார்த்தைய மாத்தறாங்க பாரும்மா. நீ சொன்னதச் சொல்லி அணைக்கச் சொல்லு. அழுகினத எவனாவது பொதைப்பானா? மாட்டுக்குப் போட்டா தின்னுட்டுப் போவுது."

"மாட்டுக்குப் போடக் கூடாது. செத்துடும். எங்க ஊட்ல ஒரு மாடு அப்படித்தான் போச்சு" என்றார் அண்ணி.

நான் சிரித்தேன். முள்ளையும் பேப்பரையும் தின்கிற மாடு, கிழங்கு தின்று சாகுமாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

கிணற்று மேடு அங்கிருந்து முப்பது அடி இருக்கும். மண்வெட்டி கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். ஒருவர்கூட அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"கொஞ்ச நாளு உங்க அம்மா ஊட்ல இரு" என்றான் அண்ணன். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. அண்ணி அழவில்லை. ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனார். திருடிப் பட்டத்தோடு அம்மா வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் திரும்பும் வழி கிடையாது. பத்து நாள் கழித்து அம்மா, "வேற எடத்துல பாக்கலாம்" என்று அண்ணனிடம் மெதுவாக ஆரம்பித்துவிட்டார். அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான்.

பூட்டு வாங்கியது அண்ணி போன மறுநாள். திருடி போன பிறகு எதற்குப் பூட்டு என்று நீங்கள் கேட்கலாம், அண்ணனும் கேட்டான். அவன் மேலேயே எனக்குச் சந்தேகம் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? பெண்டாட்டி பாசத்தில் கிழங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? கோணி ஊசியால் பத்து மூட்டையின் வாயையும் நெருக்கமாகத் தைத்து, என் கை முடிச்சைப் போட்டு, பூட்டி, ஒரு சாவியை இடுப்பில் செருகினேன். இன்னொன்றை எங்கே ஒளித்தேன் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. எனக்கும் மறந்துவிட்டது.

பத்து நாள் கழித்துத் திறந்தபோது, புளித்த கள் மாதிரி ஒரு வாடை முகத்தில் அடித்தது. மூன்று மூட்டையின் அடிப்பக்கம் ஈரம். பிரித்தால், கிழங்கெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூசணம். விரல் வைத்தால் உள்ளே போனது. சில கிழங்குகளில் கறுப்பு வட்டம் வட்டமாகக் குழி விழுந்திருந்தது. மற்ற ஏழு மூட்டைகளை நிறுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. என் முடிச்சு அப்படியே இருந்தது. சாவி என் இடுப்பில்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போகிற போக்கில் அண்ணி மூட்டையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருப்பார் என்று முடிவு செய்தேன். எடை குறைந்ததற்கு அண்ணனின் சைக்கிள் கேரியரில் கிழங்குத் தோல் ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன். அம்மா தூங்கும்போது கையை முகர்ந்து பார்த்தேன். விழித்துக்கொண்ட அம்மா, "இன்னாடி, பெத்தவளையே மோந்து பாக்கறியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்தில் நின்றவர்களும் பேயாகத்தான் தெரிந்தார்கள்.

அழுகிய கிழங்கை வீணாக்க மனம் வரவில்லை. கூடையில் அள்ளி இரண்டு நாள் மாட்டுக்குப் போட்டேன். மாடு ஆசையாகத் தின்றது. பார்த்தீர்களா, சாகுமாம் என்று எதிரில் இல்லாத அண்ணியிடம் மனதுக்குள் வாதாடினேன்.

மூன்றாம் நாள் காலை, மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியது. விலா இரண்டும் துருத்திபோல ஏறி இறங்கின. வாயோரம் நுரை. அண்ணன் டவுனுக்கு ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தான். அவர் மாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா தின்னக் கொடுத்தீங்க?" என்றார். கூடையைக் காட்டினேன்.

"பூசணம் புடிச்ச வள்ளிக்கிழங்கா? யாராவது மாட்டுக்கு இதப் போடுவாங்களா? வெஷம்மா இது. நேரா நுரையீரலத்தான் புடிக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். ஐந்து நாள் அந்த மாடு சாவதா பிழைப்பதா என்று கிடந்தது. பிழைத்துவிட்டது, பால்தான் போய்விட்டது. அந்த ஐந்து நாளும் "செத்துடும்" என்று அண்ணி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது எனக்கு. ஆனாலும் பாருங்கள், சந்தேகம் அவ்வளவு லேசில் சாகவில்லை. சரி, மாட்டைப் பற்றிச் சொன்னது நிஜம். திருடி ஒரு நிஜம் சொல்லக் கூடாதா?

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். நல்ல கிழங்காகப் பத்து எண்ணி எடுத்தேன். சின்னத் தராசில் நிறுத்தால் சரியாக நாலு கிலோ. பழைய துண்டில் போட்டு இறுக்கி முடிந்து, நான் படுக்கிற இடத்துக்கு மேலே ஆணியில் மாட்டினேன். யாராவது தொட்டால் என் மேல் கால் வைத்துத்தான் தொட வேண்டும். பத்து நாள் காத்திருந்தேன். பிரித்து எண்ணினேன். பத்தும் இருந்தன. நிறுத்தேன். கால் கிலோவுக்கு மேல் கம்மி. தோல் லேசாகச் சுருங்கி, இரண்டு முனைகளும் வற்றிப் போயிருந்தன. மூட்டை மூட்டையாக நிறுத்த நான், கிழங்கை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். நாலு வெட்டில் வாடை வந்துவிட்டது. கறுத்துக் கூழாகிப் போன கிழங்கு, ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே சாம்பல் தூவியிருந்தார். நாய் நோண்டாமலிருக்க முள் வைத்து மூடியிருந்தார். ஒரு நல்ல கிழங்குகூட அதில் இல்லை.

பின்னால் அம்மா வந்து நின்றிருந்தார். குழியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு சம்பந்தியம்மா பையில இருந்தது பரங்கிக்கா. நான்தான் அறுத்துக் கொடுத்தேன்" என்றார்.

"ஏம்மா இத அப்பவே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இங்கே பாவமும் பழி சொன்ன இடத்திலேயே இருந்தது. அண்ணன் இதற்கிடையில் இரண்டு தடவை போய் அழைத்திருக்கிறான், அண்ணி வரவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வியாபாரியிடம், வற்றியதும் அழுகியதும் போக ஐந்து மூட்டைதான் தேறும் என்று அவன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வந்ததும் என்னிடம், "நீ போ. நீதான அனுப்பின" என்றான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. துண்டில் முடிந்த அந்தப் பத்துக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு செங்கம் பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

அண்ணியின் அம்மா என்னைக் கண்டதும், "வாம்மா" என்று சொல்லிப் பாயைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணி வந்து நின்றார். இளைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் துண்டைப் பிரித்தேன். அது என் புத்தி. எண்ணிக் காட்டினேன். நாலு கிலோ இருந்தது, இப்போது இவ்வளவுதான் என்றேன். ஆணியில் மாட்டியது, பத்து நாள் காத்தது, மூட்டைகளை நான் எண்ணாமல் விட்டது, மாடு பிழைத்தது, குழியைத் தோண்டியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னேன். கடைசியில்தான், "தப்பு என்னுதுதான் அண்ணி. மன்னிச்சுக்கோங்க. ஊட்டுக்கு வாங்க" என்றேன்.

அண்ணி குனிந்து ஒரு கிழங்கை எடுத்தார். சுருங்கிய முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எடை கம்மியாச்சு. அதனால வந்துட்ட."

"ஆமா அண்ணி."

"கம்மியாகாம இருந்திருந்தா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது.

"நான் வாயத் தொறந்து சொன்னேன். நீங்க மூணு பேரும் நின்னுனு இருந்தீங்க. ஒருத்தரும் நம்பல. பத்துக் கிழங்கு சொல்லுச்சு, நம்பிட்டீங்க. இது சொல்லாம இருந்திருந்தா நான் காலத்துக்கும் திருடிதான, இல்ல?"

இல்லை என்று சொன்னால் அது பொய். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பாயில் உட்கார்ந்தபடி அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் அதே நாலு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார். "அடி அண்ணாமலை ரெண்டு" என்று நான் காசை நீட்டினேன். அண்ணி என் கையை மெதுவாக மடக்கினார்.

"அவங்களுக்கு ஒண்ணு குடுங்க" என்றார் கண்டக்டரிடம். "என்னுது நான் வாங்கிக்கறேன்."